இடது காலும் அவர் கையும்

மார்ச் 4, செவ்வாய்

இன்று கடையில் ஒரு அம்மாள் சண்டைக்கே வந்துவிட்டார். ஒரே ஜோடியில் ஒரு செருப்பு பிடிக்கிறதாம், இன்னொன்று தொளதொளவென்று இருக்கிறதாம். "யாருக்குமே ரெண்டு காலும் ஒரே அளவா இருக்காதும்மா" என்று வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். ஊரார் காலையெல்லாம் தொட்டு அளக்கிறேன். என்னைத்தான் தொட ஆளில்லை. மார்பை எடுத்ததிலிருந்து என் வீட்டுக்காரர் கட்டில் ஓரத்தில் விருந்தாளி மாதிரிப் படுக்கிறார்.

மார்ச் 13, வியாழன்

ஹார்மோன் மாத்திரை ஆரம்பம். "கேன்சர் திரும்பி வராம இருக்கத்தான் இது. ஆனா ரத்தம் உறைஞ்சு கட்டிக்க வாய்ப்பு இருக்கு. ஒரு கால் மட்டும் வீங்கினா, மூச்சு வாங்கினா, நாளைக்குன்னு தள்ளாதீங்க" என்றார் டாக்டரம்மா. அப்போது வீட்டுக்காரர் வெளியே வண்டி நிறுத்த இடம் தேடிக்கொண்டிருந்தார். வந்து, "என்ன சொன்னாங்க?" என்றார். மாத்திரையை மறக்காமல் போடச் சொன்னார்கள் என்றேன். மீதியை ஏன் விழுங்கினேன்? ஏற்கெனவே என்னைக் கண்டால் ஒதுங்குகிற மனுஷன். இன்னொரு பயத்தையும் கொடுப்பானேன்.

ஏப்ரல் 2, புதன்

இடது செருப்பு இறுக்குகிறது. அதனாலென்ன, எல்லாருக்கும் ஒரு கால் பெரிசுதானே. கடையில் ஒரு அளவு பெரிய ஒத்தைச் செருப்பு கிடந்தது, மாட்டிக்கொண்டேன்.

ஏப்ரல் 3, வியாழன்

கெண்டைக்கால் கல்லாகிவிட்டது. முனகினேன் போல. அவராகவே என் காலை எடுத்து மடியில் வைத்து அமுக்கிவிட்டார். அவராகவே! நாத்தனார் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அண்ணி, எங்க அண்ணனையே கால் பிடிக்க வச்சுட்டீங்களே!" என்றாள். அவள் வயிறு எரியட்டும் என்று இன்னும் கொஞ்சம் நீட்டினேன்.

ஏப்ரல் 5, சனி

இன்றும் அமுக்கினார். வலியில் உயிர் போகிறது.

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம்."

டாக்டரம்மா சொன்னது மறக்கவில்லை. சொன்னால் இந்தக் கை போய்விடும். திங்கட்கிழமை போனால் குடியா முழுகிவிடும்?

ஏப்ரல் 12, சனி

ஆஸ்பத்திரி. காலில் உறைந்த ரத்தம் பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போய்விட்டதாம். நான் பிழைத்ததே பெரிதாம்.

"வீங்கின காலை யாராவது அமுக்குவாங்களா? அன்னைக்கே உங்க மனைவிகிட்ட சொன்னேனே" என்று டாக்டரம்மா அவரிடமே போட்டு உடைத்துவிட்டார்.

டாக்டரம்மா போனதும் என் வீட்டுக்காரர் கதவைச் சாத்தினார். "உனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் காலைக் கொடுத்திருக்க. என் கையாலயே உன்னைக் கொல்ல வச்சிருப்பியே, பாவி."

வேற எப்படிங்க உங்க கையை வாங்கறது? கேட்கவில்லை. மூக்கில் குழாய்.

மே 24, சனி

மாத்திரையை மாற்றியாயிற்று. ரத்தம் உறையாமலிருக்க இன்னொன்றும் போடுகிறேன். வீக்கம் வடிந்துவிட்டது. இனி காலைத் தொட்டால் ஒன்றும் ஆகாது என்று டாக்டரம்மாவை அவர் எதிரிலேயே சொல்லவைத்தேன். வெட்கம் கெட்டவள்தான் நான், இருந்துவிட்டுப் போகிறேன்.

சாயங்காலம் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து காலை மடியில் வைத்தேன். இரண்டு கையையும் தூக்கிக்கொண்டார். பிறகு மெல்ல நழுவி எழுந்து, உள்ளே போய்த் தலையணை எடுத்துவந்து காலுக்கு அடியில் வைத்தார். விரல்கூடப் படவில்லை. எதிர் நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

"தேங்க்ஸ்" என்றேன்.

"பரவாயில்ல" என்றார்.