தூறல் முதலில் விழுந்த களம்

1962 ஐப்பசி, வியாழன் இரவு.

மதியம் சிவகாசிக்கு ஆர்டர் பேசப் போயிருந்தேன். ஆட்கள் சாப்பிடப் போன நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. களத்தில் காயப்போட்ட சரவெடி அத்தனையும் போச்சு என்று ஓடி வந்தேன். ஒன்றுகூட நனையவில்லை. எல்லாம் ஷெட்டுக்குள் இருந்தது. வாசலில் பக்கத்துக் களத்து முத்தையா அண்ணாச்சி தலையைத் துவட்டிக்கொண்டு நின்றார். போன வருஷம் என் ஷெட்டில் பிடித்த தீயில் அவர் தம்பி செத்ததிலிருந்து எங்களுக்குள் பேச்சில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய சரக்கு ஊறிக்கொண்டிருந்தது.

"ஒங்க சரக்க விட்டுட்டீகளே அண்ணாச்சி?"

"தூறல் ஒங்க களத்துலதான் மொதல்ல விழுந்துச்சு. கை தானாப் போயிருச்சு" என்றார். கொஞ்சம் நின்று, "மனசு இன்னும் வரல, பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு மழையிலேயே போனார்.

தூறல் முதலில் விழும் களத்துக்கு எல்லோரும் ஓடுவது இங்கே வழக்கம். பகையாளி களமென்று யாரும் பார்ப்பதில்லை. ஏன் என்று நான் யோசித்ததுமில்லை.

சாப்பிட்டேன், படுத்தேன், எழுந்து இதை எழுதுகிறேன்.

தீப்பிடித்த அன்று அவர் தம்பியும் என் ஆட்களை வெளியே இழுக்கத்தான் வேலி தாண்டி ஓடிவந்தான். அவனை யாரும் கூப்பிடவில்லை.