நெஞ்சளவு முப்பத்தாறு

அன்புள்ள உங்களுக்கு,

இங்கே எல்லோரும் நலம். குளியலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. மாமா நூல் சுற்றிக் கட்டியிருக்கிறார், பிளம்பரைக் கூப்பிட விடவில்லை. அங்கே குளிர் தொடங்கிவிட்டதா?

உங்கள் தோல் ஜாக்கெட் விஷயமாகத்தான் எழுதுகிறேன். இன்னும் வெட்டவில்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

நீங்கள் அனுப்பிய அளவுச் சீட்டோடு, கதவுக்குப் பின்னால் விட்டுப்போன கட்டம் போட்ட சட்டையையும் தையல் மாஸ்டரிடம் கொடுத்தேன். அவர்தான் கேட்டிருந்தார். சட்டையை மேசையில் விரித்து டேப் வைத்தார். சீட்டைப் பார்த்தார். மறுபடி டேப். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இது யாரு சட்டைம்மா?" என்றார்.

உங்களுடையதுதான் என்றேன்.

"அப்ப இந்தச் சீட்டு யாரோடது?"

சட்டையின் தளர்ச்சியைக் கழித்தால் நெஞ்சு நாற்பத்தொன்று. சீட்டில் முப்பத்தாறு.

உங்களோடு அறையில் தங்கியிருக்கும் எலக்ட்ரீஷியனின் அளவு உங்கள் சீட்டில் ஏறிவிட்டது என்று நினைத்தேன். அப்படி இருந்தால் தேவலை என்றும் நினைத்தேன். அன்று மாலை வீடியோ போனில் கேட்டபோது, டேப் பழசு, இழுபட்டுப் போயிருக்கும் என்றீர்கள். சிரித்தீர்கள். பிறகு போனை ஜன்னல் பக்கம் திருப்பி மரத்தைக் காட்டினீர்கள்.

நான்கு மாதமாக அந்த மரத்தைத்தான் பார்க்கிறேன். முதலில் இலை இருந்தது.

மாஸ்டரிடம் போய் நீங்கள் சொன்னதையே சொன்னேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "டேப் நீண்டிருந்தா கை அளவும் குறையணுமேம்மா?" கை குறையவில்லை. இருபத்தாறரை. இடது கை அரை அங்குலம் கூடுதல். ரெடிமேட் எதுவும் உங்கள் மணிக்கட்டை எட்டாது என்பதால்தானே தைக்கவே சொன்னீர்கள். அது எலக்ட்ரீஷியனின் கை இல்லை. தோளும் அதேதான்.

"எலும்பெல்லாம் சரியா இருக்கு" என்றார். சொல்லிவிட்டு வேறு பக்கம் பார்த்தார்.

மாமாவுக்கு இதில் குழப்பமே இல்லை. "பழைய சட்டைக்கே வெட்டச் சொல்லும்மா. என் பிள்ளைய எனக்குத் தெரியாதா? ஒரு மாசம் ஒழுங்கா சாப்பிட்டான்னா நிறைஞ்சிடுவான்" என்கிறார். சொல்லிவிட்டுக் குழாயைப் பார்க்கப் போய்விடுகிறார். ஒழுகாத நேரத்திலும் போகிறார்.

பெரிதாக வெட்டினால் உள்ளே காற்று புகும். சின்னதாக வெட்டினால், நீங்கள் தேறும்போது ஜிப் ஏறாது. ஏறாமல் போக வேண்டும் என்றுதான் எனக்கு ஆசை. ஆனாலும் சின்னதாக வெட்டச் சொல்ல வாய் வரவில்லை. துணி என்றால் பிரித்துத் தைக்கலாம். தோலில் ஊசி இறங்கிய ஓட்டை அப்படியே நிற்குமாம்.

அதனால் மாஸ்டர் முதலில் மாதிரிக்குக் காடாத்துணியில் ஒரு ஜாக்கெட் தைத்தார், சீட்டில் உள்ளபடி. அதைக் கடைப் பொம்மைக்கு மாட்டினார், கச்சிதமாக இருந்தது. இடுப்புக்கு மேல் மட்டும் உள்ள பொம்மை. தலை இல்லை. அவர் உள்ளே நூல் எடுக்கப் போனபோது நான் ஒரு காரியம் செய்தேன். சிரிக்காதீர்கள். கட்டிப்பிடித்துப் பார்த்தேன்.

உங்களைக் கட்டிக்கொண்டால் என் விரல்கள் உங்கள் முதுகில் சந்திக்காது. "குள்ளச்சிக்குக் கை பத்தல" என்பீர்கள்.

சந்தித்தன. ஒரு கை இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டது.

மாஸ்டர் வந்து பார்த்துவிட்டார். பொம்மையின் கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்துச் சுருட்டி என் கையில் கொடுத்தார். "இது புதுசு. இழுபடாது. அவருக்கு அனுப்பும்மா" என்றார்.

அந்த டேப்பும் காடா ஜாக்கெட்டும் இந்தக் கடிதத்தோடு வருகின்றன. ஜாக்கெட்டைப் போட்டுப் பாருங்கள். டேப்பை நீங்கள் பிடிக்க வேண்டாம், எலக்ட்ரீஷியனைப் பிடிக்கச் சொல்லுங்கள். மூச்சை அடக்காமல், கையைத் தொங்கவிட்டு நில்லுங்கள். நாற்பதோ முப்பத்தொன்பதோ வந்தால் எழுதுங்கள். மறுநாளே வெட்டச் சொல்கிறேன்.

முப்பத்தாறுதான் என்றால் எண்ணை எழுத வேண்டாம். ஊருக்கு வரும் தேதியை எழுதுங்கள். தோல் காத்திருக்கும். மாஸ்டர் அதை மடிக்காமல் உருளையாகச் சுருட்டி, மேல் தட்டில் வைத்திருக்கிறார். ஆள் வந்து நின்றால் ஐந்து நிமிடத்தில் அளவெடுத்துவிடுவாராம்.

இனி போனில் மரம் வேண்டாம்.

அதுவரை இரண்டு ஸ்வெட்டரை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்ளுங்கள். சூடாகச் சாப்பிடுங்கள். நன்றாக இருங்கள். இல்லையென்றால், இல்லை என்று என்னிடம் சொல்லுங்கள்.

கை எட்டாத தூரத்திலிருந்து,
உங்கள் குள்ளச்சி