யாரும் கை நீட்டாத லட்டு

அன்பு மச்சான் ஏழுமலைக்கு,

முதலில் என் மானம் போன கதையைக் கேள். போன வாரம் ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா என்னைக் கூப்பிட்டு, சட்டையைக் கழட்டச் சொன்னார். எனக்குத்தான் ஏதோ ஊசி என்று நினைத்து, "கையிலயா சிஸ்டர், இடுப்புலயா?" என்று கேட்டுத் தொலைத்தேன். "ஊசி இல்ல சார், உங்க பொண்ண மார்ல போடணும்" என்றார். உள்ளே பனியனில் மூன்று ஓட்டை. அங்கிருந்த பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். தொப்பையை உள்ளே இழுத்தபடி உட்கார்ந்தேன்.

ஆமாம்டா, எனக்குப் பெண் பிறந்திருக்கிறாள். ஏழாம் மாதமே வந்துவிட்டாள். தேவிக்கு வளையல் போடக் குறித்த நாள்கூட இன்னும் வரவில்லை. ஒன்றேகால் கிலோ. துணியால் என்னோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். அப்பன் உடம்புச் சூடு பட்டால் இந்தப் பிள்ளைகளுக்கு மூச்சு சீராகுமாம். தேவி தூங்கட்டும் என்று தினமும் மதியம் நான் உட்காருகிறேன். அசையாமல் இருப்பதுதான் வேலை. நமக்கு வராத வேலையா?

என் கோபம் வேறு.

பிறந்த நாலாம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து துணிமணி எடுக்கச் செஞ்சிக்கு வந்தவன், ஒரு கிலோ லட்டு வாங்கிக்கொண்டு நம் ஆட்டோ ஸ்டாண்டுக்குப் போனேன். ஒருத்தனும் கை நீட்டவில்லை. என் டிபன் பாக்ஸைக் கேட்காமலே திறக்கிறவர்கள்டா. மூத்தவர் கோதண்டம்தான் வாயைத் திறந்தார். "கொறமாசத்துப் புள்ள. மொதல்ல தங்கட்டும், அப்புறம் ஸ்வீட்டு." பேர்கூட முடிவு பண்ணிவிட்டேன் என்றேன். பேர் வைத்தால் பாசம் வந்துவிடும், பொறு என்றார்.

பாசம் வந்துவிடுமாம்! "தங்குறதுக்கு அவ இன்னா லாட்ஜுக்காண்ணே வந்துகீறா?" என்று கத்திவிட்டு வண்டியைக் கிளப்பினேன். தேவி பஸ்ஸில் போனதால்தான் இப்படி என்று சொந்தக்காரர்கள் வேறு. சொன்னவர்களில் ஒருவராவது அவளுக்கு ஒரு வேளை சோறு கொண்டுவந்தாரா? மூச்சு விடுகிற பிள்ளையைப் பார்க்க எதற்கு இழவு வீட்டு முகம்?

திரும்பும் வழியில், செஞ்சிக் கோட்டை மலை பின்னால் மறைவதற்குள் எனக்கு உறைத்தது. வண்டியை ஓரம் கட்டினேன்.

உன் மகளும் இப்படித்தான் வந்தாள். அதே ஸ்டாண்டில் மைசூர்பாகுப் பொட்டலத்தோடு நின்றாய். பேர் சொல்ல வாயெடுத்தாய். "மொதல்ல தங்கட்டும் மச்சான்" என்றது கோதண்டம் இல்லை, நான். நீ பொட்டலத்தை மடித்து சீட்டுக்கு அடியில் வைத்தாய். பதினோரு நாள் இருந்தாள். அதன்பிறகு ஆறு வருஷம் பக்கத்துப் பக்கத்தில் வண்டி போட்டோம். மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோகும்வரை அந்தப் பேரை நீ சொல்லவே இல்லை.

இனி கோதண்டத்தைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை? இருந்தாலும் திட்டுவேன். என்னையும் சேர்த்துத்தான்.

என் மகள் பேர் கயல்விழி. நேற்றைவிட இன்று ஒரு இருபது கிராம் கூடியிருக்கிறாள். அவள் வீட்டுக்கு வந்ததும், சிங்கவரம் போய் உன் பெண்டாட்டி, தங்கச்சி செல்வியைப் பார்ப்பேன். உன்னிடம் கேட்காததை அவளிடமாவது கேட்பேன். இது சத்தியம்.

ஆறு வருஷம் தொண்டையிலேயே கிடந்தது அது ஒன்றுதான்: உன் பொண்ணுக்கு இன்னா பேருடா வெச்சிருந்த?

உன் மச்சான்,
கயல்விழியின் அப்பா சரவணன்