முனிரத்தினத்தின் மேல் கிடந்த மரம்

1898 ஜூலை 4, திங்கள்

வார்டில் புது ஆள், முனிரத்தினம். சுரங்கத்தில் கூரை சரிந்து, தாங்குமரம் மார்பின் குறுக்கே விழுந்து, அதனடியில் இரண்டு நாள் கிடந்தவன். எலும்பு முறியவில்லை. ஆனால் கத்துகிறான். கத்துகிறவனைக் கட்டிலோடு கட்டவேண்டும் என்பது வெள்ளைக்கார டாக்டர் துரையின் உத்தரவு. தோல் வார், மார்பின் குறுக்கே. அதே இடத்தில்.

சென்னையில் தத்துவம் படித்தேன். இங்கே தங்கச் சுரங்க ஆஸ்பத்திரியில் ரைட்டராக, துரைக்கும் நோயாளிக்கும் நடுவே மொழிபெயர்க்கிறேன்.

ஜூலை 5

"என்ன சொல்கிறான்?"

"மார்பில் மரம் கிடக்கிறதாம். எடுக்கச் சொல்கிறான்."

"பிரமை. வாரை இறுக்கச் சொல்."

சொன்னேன். இறுக்கினார்கள். மரம் கனத்துவிட்டது என்று கத்தினான். அதையும் மொழிபெயர்த்தேன். பிரமை முற்றுகிறது என்றார் துரை.

மொழிபெயர்ப்பில் பிழையில்லை. பிறகு எங்கே?

ஜூலை 6

அடங்கினால் அவிழ்க்கலாம் என்கிறார் துரை. அவிழ்த்தால் அடங்குவான். எது முதலில்? வார்டு ஆள் தாமோதரனைக் கேட்டேன்.

"எனக்கு இன்னா தெரியும் ரைட்டரே. கட்டுன்னா கட்டுவேன்."

வெள்ளிக்கிழமையும் கத்தினால் பெங்களூர் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்கு ரயிலேற்றுவார்களாம்.

ஜூலை 7

குதிகாலால் கட்டிலை உதைத்தான். காலையும் கட்டினார்கள். விரல் முட்டியால் இரும்புச் சட்டத்தைத் தட்ட ஆரம்பித்தான். மூர்க்கம் என்றான் தாமோதரன்.

ஸ்கெலட்டன் லைன் கூலிக் குடிசைகளிலிருந்து முனிரத்தினத்தின் மனைவி தாயம்மா வந்தாள். அவன் விரல் தட்டுவதைப் பார்த்தாள்.

"இன்னா ரைட்டரய்யா, இவ்ளோ படிச்சிக்கிறீங்க. கீழ மாட்டிக்கினவன் கல்லத் தட்டுவான். வெளிய கீறவன் திருப்பித் தட்டணும். பதில் வர்ற வரிக்கும் அவன் நிறுத்த மாட்டான். இங்க ஒருத்தரும் தட்டலியா?"

பேனாக்கத்தியால் கட்டில் காலைத் தட்டினேன். நிறுத்தினான். கண் மூடினான். நான் நிறுத்தினேன் — திறந்தான்.

தட்டினேன்.

ஷிப்ட் போட்டுக்கொண்டோம். தாமோதரன் கரண்டியால். வயிற்றுக்கடுப்புக்காரர்கள் கஞ்சிக் குவளையால். "எங்க ஷிப்ட் எப்போ?" என்று கேட்கிறார்கள்.

ஜூலை 8, வெள்ளி

துரை வந்தபோது முனிரத்தினம் குழந்தைபோலத் தூங்கிக்கொண்டிருந்தான். மற்ற எல்லாரும் தட்டிக்கொண்டிருந்தோம்.

"இவர்களுக்கு என்ன?"

யாரிடம் மொழிபெயர்ப்பது? "வெளியே ஆள் இருக்கிறது என்று சொல்கிறோம்" என்றேன். தட்டிக்கொண்டே.

துரை முனிரத்தினத்தைக் காட்டி, இந்த வார்டில் புத்தி நேராக இருப்பவன் இவன் ஒருவன்தான் என்று சொல்லி, வாரை அவிழ்க்கச் சொன்னார்.

ரயில் இல்லை.

ஜூலை 10

கட்டு இல்லாமல் தூங்குகிறான். கத்தல் இல்லை. தட்டவும் தேவையில்லை. வார்தான் குணப்படுத்தியது என்கிறார் துரை. இன்னும் நிறைய வார் வரவழைக்கப் போகிறார்.

ஜூலை 15

குணமானதற்குச் சாட்சியாக முனிரத்தினத்துக்கு வார்டிலேயே வேலை. தாயம்மா சிரித்து இன்றுதான் பார்த்தேன்.

ஜூலை 22

தாமோதரன் லீவு. கோரமண்டல் சுரங்கத்திலிருந்து சிரில் என்ற காய்ச்சல்காரனைத் தூக்கி வந்து கிடத்திவிட்டுப் போனார்கள். ஜன்னி, கூச்சல். துரை கட்டச் சொன்னார். சொன்னேன். முனிரத்தினம் வாரைக் கையில் எடுத்தான். சிரிலின் மார்பைப் பார்த்தபடி நின்றான்.

"நான் கீழயே வேலைக்குப் போறேன் ரைட்டரே."

"மறுபடியுமா? பயமில்லையா?"

"பயந்தான். ஆனா அங்க மரம் தானா விழுது."

வாரை என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டான்.

துரை "இறுக்கு" என்றார். வழக்கம்போல் மொழிபெயர்க்கத் திரும்பினேன். பக்கத்தில் யாரும் இல்லை.