நல்லூர் மதிப்பு

செவ்வாய்க்கிழமை.

இன்று கணவரின் அண்ணன் எங்களை நல்லூருக்கு வீடு பார்க்கக் கூட்டிப்போனார். இரண்டு அறைகள். யன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு மதில். நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் சாவகச்சேரியில். அங்கேயே சுற்றிவர நல்ல வளவோடு ஒரு வீடு விலைக்கு வந்திருக்கிறது என்றேன்.

"சாவகச்சேரியோ? நாளைக்குப் பிள்ளைக்குச் சம்பந்தம் பேசேக்கை ஆர் மதிப்பினம்?" என்றார் அண்ணன்.

பிள்ளைக்கு மூன்று வயது.

"ஓம் அண்ணை," என்றார் என் கணவர். அண்ணனுக்கு முன்னால் இவருக்கு வேறு வசனம் தெரியாது.

"அப்ப நீங்கள் ரெண்டுபேரும் நல்லூரிலை மதிப்பாய் இருங்கோ. நானும் பிள்ளையும் சாவகச்சேரிக்குப் போறம்," என்றேன்.

வீட்டுக்கு வந்தாயிற்று. இவர் கோபித்துக்கொண்டு விறாந்தையில் படுத்திருக்கிறார். நுளம்பு கடிக்கிறது போலும், அடிக்கும் சத்தம் கேட்கிறது. உள்ளே வரலாமா என்று அண்ணனிடம் கேட்டுவிட்டு வரட்டும்.