ஹிமாயாவின் நிக்காஹும் மாமாவின் நொதியமும்

உப்சாலா
4 மார்ச் 2025

அன்பின் ராத்தா,

ஸலாம். இங்கே பனி விடவில்லை. எனக்குத்தான் இன்று குளிரவில்லை. ரீகொம்பினேஸ் என்ற நொதியத்தைச் சொல்லிச் சொல்லி உங்கள் காதைத் தின்றேனே, அது வேலை செய்துவிட்டது! மனித உயிரணுவில் நாங்கள் குறித்த இடத்தைத் தேடிப்போய், டிஎன்ஏ இழையை வெட்டி, தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோய்க்கு வேண்டிய நல்ல மரபணுவை முழுசாகச் சேர்த்து, தானே மூடியும் விட்டது. நம் ஹிமாயாவுக்குப் பேசிய ஜெஸீமின் தம்பி மாதாமாதம் இரத்தம் ஏற்றுவதற்கு முடிவு வரத்தான் போகிறது, பாருங்கள்.

தம்பி றஸ்மி

கல்முனை
19 மார்ச் 2025

அன்புத் தம்பி,

உன் கடிதத்தை ஜெஸீம் வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்ட வைத்தேன். அவனுக்கும் என் மகள் ஹிமாயாவுக்கும் அந்தக் குறை இரத்தத்தில் ஒளிந்திருக்கிறது என்றுதானே இரண்டு வருடமாகக் கலியாணத்தைத் தள்ளினோம்? அவன் உம்மா என்னைக் கட்டிப்பிடித்து, "றஸ்மி பொய் எழுத மாட்டான்கா, நாளக் குறிப்பம்" என்றார். பெருநாள் கழிந்து ஏப்ரல் 11, வெள்ளி அஸர் தொழுகைக்குப் பிறகு நிக்காஹ். மகளுக்குக் கொடுக்கும் வீட்டுக்குப் பெயின்ட் அடிக்கிறோம். நீ வராமல் ஏமாற்றுவாய், தெரியும்.

ராத்தா சித்தி லைலா

உப்சாலா
6 ஏப்ரல் 2025

ராத்தா,

ஐந்து தடவை போனில் கோல் எடுத்தேன், பதிலில்லை. நிக்காஹை நிறுத்துங்கள். நொதியம் குறித்த இடத்தில் மட்டும் சேர்க்கவில்லை. அதைப் போன்ற இன்னோர் இடத்திலும் சேர்த்திருக்கிறது. அதனால் புற்றுநோய்கூட வரலாம். நான் சோதித்தது தட்டில் வளரும் உயிரணுக்களை, பிள்ளைகளை அல்ல. மருந்தாக எத்தனை வருடமோ, ஆகாமலே போகுமோ. அவர்களுக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. சந்தோசத்தில் துள்ளி எழுதிவிட்டேன். உங்கள் கடிதம் கண்டும், மறுபடி சோதித்துவிட்டு எழுதலாம் என்று இருந்தது அதைவிடப் பெரிய பிழை. நாலு நாளாகத் தூக்கமில்லை.

றஸ்மி

கல்முனை
16 ஏப்ரல் 2025

தம்பி,

உன் மின்னஞ்சலை இன்றுதான் கேட்டேன். கண்ணில் வெள்ளை படர்ந்ததிலிருந்து எனக்கு வாசிப்பதும், நான் சொல்லச் சொல்ல எழுதுவதும் ஹிமாயாதான். ஆறாந்தேதியே வாசித்துவிட்டு மறைத்திருக்கிறாள். உன் கோலை வெட்டியதும் அவள்தான். நிக்காஹ் முடிந்து ஐந்தாம் நாள், அவளாகவே பக்கத்தில் வந்திருந்து வாசித்தாள். அறையக் கை ஓங்கினேன்.

"மாமாட வேல பிழைச்சா மறுகாச் செய்வார் உம்மா. எனக்கு இன்னொரு ஜெஸீம் மச்சான் இரிக்காரா?" என்றாள்.

இதையும் அவள்தான் எழுதுகிறாள், அழுதுகொண்டே. உன்மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை. அதையும் விடாமல் எழுதச் சொல்லியிருக்கிறேன், எழுதினாளோ என்னவோ. நிக்காஹை நிறுத்தச் சொன்னாய், முடியாமல் போயிற்று. நீ உன் வேலையை நிறுத்திவிடாதே.

ராத்தா