சண்டை ரீல்

அன்புள்ள மாப்ளே,

நம் இரட்டைப் போலீஸ் படம் வண்டிப்பெரியார் கொட்டகைக்குத் திரும்பவும் வந்திருக்கிறது. ஐந்தாவது தடவையாகப் பார்த்தேன். குண்டு இன்ஸ்பெக்டர் ஓடும் ஜீப்பிலிருந்து குதித்தும் தொப்பி கழலவில்லை. "பசை போட்டு ஒட்டிருக்கான்டா" என்பாயே, சிரிக்கத் திரும்பினேன். பழக்கத்தில் உனக்கு இடம்பிடித்துப் போட்ட துண்டுதான் பக்கத்தில் கிடந்தது.

கொட்டகைக்குள் மூடுபனி இறங்கி, திரையில் இருவரும் புகைபோல மிதந்தார்கள். அப்போது ஆபரேட்டர், அவர்கள் சண்டைபோட்டுப் பிரியும் ரீலைத் தவறவிட்டு, தோளில் கைபோட்டு நடக்கும் கடைசி ரீலை ஓட்டிவிட்டார். கூட்டம் கத்தியது. எதிலும் குற்றம் கண்டுபிடிக்கும் நான், "அது கெடக்கட்டும்ணே, ஓட்டுங்க" என்றேன்.

அன்று பஸ் ஸ்டாண்டில் கோபத்தில் உன்னிடம் பேசிய பேச்சை இங்கே எழுத மனமில்லை.

ஞாயிற்றுக்கிழமையும் அந்தச் சண்டை ரீல் வேண்டாமென்று ஆபரேட்டரிடம் சொல்லியிருக்கிறேன். துண்டு போட்டு வைக்கிறேன்.

இப்படிக்கு,
பெஞ்சின் இடது ஓரக்காரன்